பெட்டியா, தம்பூராவா? – ஒரு வங்கிக்காரனின் ஐந்தொகை

மக்களே, ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரவில்லை. ஆணி அதிகம். மார்ச் கணக்கு முடிப்பு, அது முடிந்தால் ஆடிட், அது முடிந்தால் ஆடிட்டர் கேட்ட கேள்விகளுக்குப் பதில். நடுவில் கும்பகோணம் போய்ப் பூர்வீக வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு வந்தேன். வரும்போது பித்தளை அண்டா ரெண்டு, அப்பாவின் டிரங்குப் பெட்டி ஒன்று, கூடவே அத்தையின் தம்பூரா. மைசூர் எக்ஸ்பிரஸில் என்னுடைய கீழ் பெர்த்தில் தம்பூரா படுத்துக்கொண்டு வந்தது. நான் ராத்திரி முழுக்க அதன் காலடியில் உட்கார்ந்து வந்தேன். டிக்கெட் என்னவோ என் பெயரில்தான் இருந்தது :-)

தம்பூரா பொம்மனஹள்ளி வந்து சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே பஞ்சாயத்து. பெண்ணுக்குத்தான் ஆறு வருஷமாகச் சுருதிப் பெட்டி இருக்கிறதே, இருக்கிற ரெண்டு ரூமில் இந்த ஆளுயரச் சாமானை எங்கே நிறுத்துவது என்பது தங்கமணியின் கட்சி. இது இல்லாமல் இனிமேல் பாட்டு வராது என்பது பெண்ணின் கட்சி. நான் வழக்கம்போல ரெண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் இது எங்கள் வீட்டுச் சண்டை மட்டும் இல்லை, நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பாட்டுக்காரர்கள் போட்டுக்கொண்டிருக்கும் சண்டை என்று புரிந்தது. யார் என்ன சொல்கிறார்கள் என்று உட்கார்ந்து யோசித்ததன் விளைவு இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். ஐந்தொகையில் ரெண்டு பக்கமும் ஒத்துப்போகும்போது மனசுக்குள் கேட்கும் சத்தம்தான் எனக்குத் தெரிந்த ஒரே சுருதி. சங்கீதம் தெரிந்தவர்கள் தப்பு இருந்தால் திருத்துங்கள், திட்டாதீர்கள்.

தலை இல்லாத கிடார்

எங்கள் அபார்ட்மெண்டில் மேல் மாடியில் ஒரு சேலத்துப் பையன் இருக்கிறான். வாரத்தில் அஞ்சு நாள் சாஃப்ட்வேர், சனி ஞாயிறு பேஸ் கிடார். தம்பூராவை லிஃப்டில் ஏற்றும்போது ஒரு கை பிடித்தவன், "அங்கிள், இதுக்குக் குடம் இவ்வளவு பெரிசா இருக்கே! என்கிட்ட உடம்பும் இல்லாம தலையும் இல்லாம ஒண்ணு இருக்கு, வந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனான்.

பார்த்தால் கிரிக்கெட் மட்டைக்குத் தந்தி கட்டின மாதிரி இருந்தது. ஸ்டைன்பெர்கர் என்று ஒரு பிராண்டாம், அந்த மாதிரியில் செய்தது. அவன் சொன்னதன் சுருக்கம் இது. நெட் ஸ்டைன்பெர்கர் என்ற அமெரிக்கர் மர நாற்காலி மேஜை வடிவமைப்பவர். 1979–80 வாக்கில் மரமே இல்லாமல், கார்பன் இழையில், தலைப்பகுதியை வெட்டிவிட்டு ஒரு பேஸ் கிடார் செய்தார். மரத்தில் செய்த பேஸ் கிடாரில் சில இடங்களில் விரல் வைத்தால் ஸ்வரம் சட்டென்று செத்துப்போகும். இதில் அது கிடையாது. எல்லா இடத்திலும் ஒரே சீரான சத்தம். வெயில், குளிர் எதற்கும் சுருதி அவ்வளவாக அசையாது. 1981-ல் டைம் பத்திரிகை அந்த வருஷத்தின் சிறந்த வடிவமைப்புகளில் ஒன்றாக அதைச் சொன்னது. ரஷ் குழுவின் கெடி லீ அதற்கு முன் வாசித்துக்கொண்டிருந்தது ரிக்கன்பேக்கர், அதுவும் ஆளைப் பிரிக்கிற பிராண்டுதான். அவரே எண்பதுகளில் கொஞ்ச நாள் இதற்கு மாறினார், அப்புறம் வேறு கிடாருக்குப் போய்விட்டார்.

"அப்ப இவ்வளவு நல்ல சாமானை ஏன் எல்லாரும் வாசிக்கறதில்ல?" என்றேன்.

"பாதிப் பேரு இதுதான் உலகத்துலயே சுத்தமான சத்தம்பான். மீதிப் பேரு சுத்தமா இருக்கு, ஆனா உயிரில்லைம்பான். ரெண்டு பேரும் கேக்கறது ஒரே சத்தத்தைத்தான் அங்கிள்."

உயிரில்லை. இதே வார்த்தையை முந்தின நாள்தான் எங்கள் வீட்டில் கேட்டேன். சுருதிப் பெட்டியைப் பார்த்து என் பெண் சொன்னது.

பெங்களூரில் பிறந்த பெட்டி

வேடிக்கை என்னவென்றால், நம்முடைய ஸ்டைன்பெர்கரும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் வந்ததுதான், அதுவும் இதே பெங்களூரில். ராடல் என்ற பெயர் பாட்டு கற்றுக்கொள்கிற வீடுகளில் தெரியாமல் இருக்காது. ஜி. ராஜ் நாராயண் என்ற எஞ்சினியர் 1979-ல் எலக்ட்ரானிக் தம்பூராவை உருவாக்கினார். அவர் புல்லாங்குழல் வித்வானும்கூட. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. "சங்கீதம் தெரியாத எவனோ எஞ்சினியர் செய்த பொம்மை" என்று ஒதுக்கிவிட முடியாது. வாய்ப்பாட்டுக்காரர் தன் குரலுக்கு ஏற்ற கட்டையை வைத்துக்கொள்ளலாம். குழல்காரருக்குச் சுருதி மூங்கிலிலேயே அடங்கிவிட்டது. வேறு கட்டை வேண்டுமென்றால் வேறு குழல் எடுக்க வேண்டும். குமிழைத் திருகினால் சுருதி மாறுகிற பெட்டி ஒரு குழல்காரர் மனதில் தோன்றியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இதற்கு முன்னால் இருந்தது துருத்தி வைத்த சுருதிப் பெட்டி. ஆர்மோனியத்தின் தம்பி. நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவரின் இடத்தை அது ஏற்கனவே பிடிக்க ஆரம்பித்திருந்தது. எலக்ட்ரானிக் பெட்டி தம்பூராவின் இடத்தைப் பிடித்தது. இப்போது செல்போன் ஆப் பெட்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெட்டியைப் பார்த்து "இதெல்லாம் சுருதியா" என்று ஒரு தலைமுறை கேட்டது போல, ஆப்பைப் பார்த்துப் பெட்டிக்காரர்கள் கேட்கிறார்கள். காலம் செய்கிற கேலி.

ஒரு நூலில் இருக்கிறது உயிர்

தம்பூராவில் அப்படி என்னதான் இருக்கிறது? நாலு தந்தி. பஞ்சமம், ரெண்டு ஷட்ஜம், கீழே மந்தர ஷட்ஜம். விரல் வைத்து வாசிக்க ஒன்றும் கிடையாது, வெறுமனே மீட்ட வேண்டியதுதான். வாத்தியங்களிலேயே லேசானது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

விஷயம் குதிரையில் இருக்கிறது. வயலின் மாதிரி கூரான விளிம்பு இல்லை, அகலமாக, லேசாக வளைந்த மேடை. அதன்மேல் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி, மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார்கள். ஒரு இடம் வரும்போது தந்தி குதிரையை உரசியும் உரசாமலும் அதிர ஆரம்பிக்கும். அதுவரை "டொங் டொங்" என்று இருந்த சத்தம் திடீரென்று விரிந்து ரீங்காரமாகும். அதற்குப் பெயரே ஜீவாதான். "உயிரில்லை" என்று யாராவது சொன்னால், மற்ற வாத்தியத்துக்கு அது உவமை. தம்பூராவில் அந்த உயிர் எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டலாம், ஒரு துண்டு நூல்.

இதை நம் ஆள் ஒருவர் ரொம்ப நாள் முன்னாலேயே கவனித்திருக்கிறார். சர் சி.வி. ராமன். நோபல் வாங்குவதற்கு ஒன்பது வருஷம் முன்னால், 1921-ல், வீணை தம்பூரா பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய மேல் ஸ்வரங்கள் கேட்கக் கூடாது என்பது இயற்பியல் விதி. சரியாக நடுவில் மீட்டினால் அதன் மேல் ஸ்தாயி கேட்கக் கூடாது. தம்பூராவில் நடுவில் மீட்டினாலும் அது ஜம்மென்று கேட்கிறது. காரணம் அந்த வளைந்த குதிரையும் நூலும். விதியையே மீறுகிற வாத்தியம் என்று ராமன் கண்டுகொண்டார்.

அதனால்தான் மந்தர ஷட்ஜத்தை மட்டும் மீட்டினாலும் உள்ளேயிருந்து காந்தாரம் எழுகிறது. யாரும் அதற்கென்று ஒரு தந்தி கட்டவில்லை, தானாக வருகிறது. ஸ்வயம்பு காந்தாரம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஷட்ஜத்தை 1 என்று வைத்தால் இந்தக் காந்தாரம் சரியாக 1.25. கீபோர்டில் அதே காந்தாரம் கிட்டத்தட்ட 1.26. வட்டிக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு முக்கால் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். எங்கள் பிராஞ்சில் இவ்வளவு வித்தியாசம் வந்தால் ராத்திரி வீட்டுக்குப் போக முடியாது.

பெட்டிக் கட்சியின் நியாயம்

இதையெல்லாம் படித்துவிட்டுத் "தம்பூரா வாழ்க" என்று கோஷம் போடுவது சுலபம். ஆனால் பெட்டி எனக்குச் செய்த உபகாரத்தை நான் மறந்தால் நல்ல மனுஷன் இல்லை.

டிரான்ஸ்ஃபரில் பெங்களூர் வந்த புதிதில் ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன வீடு. அந்தப் பக்கம் சில்க் போர்டில் நெரிசல், இந்தப் பக்கம் வீட்டு ஓனர். குழந்தைக்கு மூணு வயசு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே மாடியிலிருந்து இருமுவார். தம்பூராவை அங்கே வைத்து மீட்டியிருந்தால் மறுநாளே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்திருப்பார். பெட்டிக்கு வால்யூம் குமிழ் உண்டு. பெண் பாட்டு ஆரம்பித்தபோது ஒரு பெட்டியை வாங்கினேன். காலையில் நான் டிபன் பாக்ஸ் கட்டும் நேரத்தில் அது முனகிக்கொண்டிருக்கும், பெண் சரளி வரிசை பாடிக்கொண்டிருக்கும். என் கையில் தம்பூரா கொடுத்து மீட்டச் சொல்லியிருந்தால் அவள் பாட்டே ஆரம்பித்திருக்க மாட்டாள்.

இது எங்கள் கதை மட்டும் இல்லை. ஊரை விட்டு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் இதே கதைதான். டொராண்டோவிலும் மெல்போர்னிலும் கேரேஜில் பாட்டு கிளாஸ் நடத்துகிறவர்களுக்கு தம்பூரா ரிப்பேர் செய்ய ஆள் எங்கே கிடைப்பார்? பிருடை வழுக்கினால், குடத்தில் விரிசல் விட்டால் தஞ்சாவூருக்குத்தான் போன் போட வேண்டும். கச்சேரிக்காரர்களைக் கேட்டால் விமானத்தில் தம்பூராவை ஏற்றும் பாட்டைச் சொல்லிக் கண்ணீர் விடுவார்கள். ஏ.சி. ஹாலில் கொண்டு வைத்தால் பலா மரமும் தந்தியும் தங்கள் இஷ்டத்துக்கு இறங்கும். ஆலாபனை நடுவில் திரும்பிப் பார்த்துச் சைகை காட்ட வேண்டும்.

பெட்டி இறங்காது. பெட்டிக்குச் சளி பிடிக்காது. பழைய மாடல்கள் கொசு ரீங்கரிக்கிற மாதிரி இருந்தது உண்மைதான். இப்போது நிஜத் தம்பூராவைப் பதிவு செய்து அதையே ஒலிக்கச் செய்கிறார்கள். பஞ்சமத்தைத் தனியாக நுணுக்கித் திருத்தக் குமிழ் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என் மாதிரி ஆசாமிக்கு வித்தியாசம் தெரியாது. "சத்தத்துக்காகத்தான் தம்பூரா" என்கிற வாதம் வருஷத்துக்கு வருஷம் பலவீனமாகிக்கொண்டு வருகிறது.

பச்சை விளக்கு எரிந்தது, சுருதி சேரவில்லை

அப்படியென்றால் சண்டை ஏன் முடியவில்லை? எனக்குப் பதில் கிடைத்தது போன வருஷம்.

பெண் புது டீச்சரிடம் சேர்ந்தாள். ஜெயநகர் பக்கம். மெட்ரோ மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் திறந்ததால் பொம்மனஹள்ளியில் ஏறித் தானே போய் வருகிறாள், இல்லாவிட்டால் என் சனிக்கிழமை சில்க் போர்டிலேயே போயிருக்கும். முதல் கிளாஸில் டீச்சர் பாடச் சொல்லவில்லை. கையில் ஒரு தம்பூராவைக் கொடுத்து, "சுருதி சேர்த்து வை, காபி போட்டுண்டு வரேன்" என்று உள்ளே போய்விட்டார்.

ஆறு வருஷம் பாடின பெண். ரெண்டு வர்ணம், இருபது கீர்த்தனை தெரியும். பஞ்சமத் தந்தி ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. செல்போனை எடுத்து, சுருதி காட்டும் ஆப்பைத் திறந்து, முள் நடுவில் நிற்கும் வரைக்கும் திருகியிருக்கிறாள். பச்சை விளக்கு எரிந்தது. டீச்சர் வந்து ஒரு தடவை மீட்டிவிட்டு, "சேரலையே" என்றாராம். "மேடம், ஆப்புல சரியா இருக்கே" என்று இவள். "கண்ணால பாத்தா சேருமா? அலை அடிக்கறது பார், அது நிக்கற வரைக்கும் மணிக்காயை நகர்த்து."

எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தூக்கம் வரவில்லை. சுத்தமான பஞ்சமம் ஷட்ஜத்தைப் போல் 1.5 மடங்கு. ஆப் காட்டியது கீபோர்டுக்கான பஞ்சமம், 1.498. ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஆனால் தம்பூரா மேல் ஸ்வரங்களையெல்லாம் பெரிதாக்கிக் காட்டுகிற வாத்தியம் ஆயிற்றே. அந்த ஆயிரத்தில் ஒன்றை மெதுவாக ஆடும் ஒரு அலையாகக் காதுக்குக் கொண்டு வந்துவிடுகிறது. முள்ளுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும், காதைப் பழக்கியிருந்தால்.

அன்றைக்கு அவள் அழுதுகொண்டு வந்தாள். "ஆறு வருஷமா நான் சுருதியோட பாடவே இல்லப்பா. சுருதி பக்கத்துல பாடியிருக்கேன்" என்றாள். வாங்கிக் கொடுத்தவன் நான். ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் பெட்டி செய்த தப்பு ஒன்றும் இல்லை. சொன்னபடி சுருதி கொடுத்தது. ஆனால் அந்தச் சுருதி தயாராக வந்தது. கால்குலேட்டர் கையில் கொடுத்து வளர்த்த பையன் வாய்ப்பாடு மறப்பது மாதிரி. தம்பூரா வைத்திருப்பவர் பாட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பத்து நிமிஷம் காதைத் தீட்டியாக வேண்டும். பாட்டு நடுவிலும் காதில் பாதியைப் பின்னால் விட்டு வைக்க வேண்டும். தம்பூராவின் அசௌகரியம் என்று நாம் சொல்வதே அதன் பாடத்திட்டம்.

பின்னால் உட்கார்ந்தவர்

இங்கேயே பதிவை முடித்திருந்தால் தம்பூராக் கட்சிக்கு வெற்றி. ஆனால் தம்பூராவின் சொந்தக்காரர் இன்னும் பேசவில்லையே.

அத்தைக்கு இப்போது 78 வயசு. கும்பகோணம் வட்டாரத்தில் பாடிக்கொண்டிருந்த ஒரு அம்மாளுக்குப் பின்னால் இருபது வருஷத்துக்கு மேல் தம்பூரா மீட்டியவர். கல்யாணக் கச்சேரி, கோவில் உற்சவம், எல்லாவற்றிலும். நோட்டீஸில் பாடுகிறவர் பெயர், வயலின் பெயர், மிருதங்கம் பெயர், கடம் இருந்தால் கடம் பெயர், பந்தல் போட்டவர் பெயர்கூட இருக்கும். அத்தை பெயர் ஒரு நோட்டீஸிலும் இல்லை. கூலி என்று ஒன்றும் கிடையாது. பஸ் காசு, சாப்பாடு, வருஷத்துக்கு ஒரு ரவிக்கைத் துணி. தொண்ணூறுகளில் ஒரு பெட்டி வந்தது. "இனிமே நீ சிரமப்பட வேண்டாம்" என்று அந்த அம்மாள் சொன்னாராம். அவ்வளவுதான் பணி ஓய்வு.

அத்தைக்குப் பெட்டி மேல் கோபம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். சிரித்தார்.

"பெட்டி நல்லதுடா. காபி கேக்காது, கூலி கேக்காது, மூணு மணி நேரம் உக்காந்து கால் மரத்துப் போகாது. நான் கேக்காத கூலிய அது மட்டும் கேக்குமா என்ன?"

"அப்ப உங்களுக்கு வருத்தமே இல்லையா அத்தை?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த இடத்துல உக்காந்துதான்டா நான் பாட்டு கத்துக்கிட்டேன். எனக்கு யாரும் உக்கார வச்சுச் சொல்லிக் கொடுக்கல. பின்னாடி உக்காந்தவளைப் போன்னு யாரும் சொல்லல, அதனால வந்த பாட்டு. இப்ப என்ன மாதிரி ஒரு பொண்ணு எங்க போய் உக்காருவா?" என்றார்.

இத்தனை வருஷச் சண்டையில் யாரும் இதைப் பேசிக் கேட்டதில்லை. இரட்டைப் பதிவு கணக்கு படித்தவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு பற்றுக்கும் எங்கேயோ ஒரு வரவு இருக்கும். பெட்டி மிச்சப்படுத்திக் கொடுத்தது ஒரு ஆளை. அந்த ஆளுக்கு ஏற்கனவே யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை, அதனால் கணக்குப் புத்தகத்தில் மிச்சம் என்றே எழுதவில்லை. ஆனால் மேடையில் ஒரு இருக்கை காணாமல் போனது. அந்த இருக்கை ஒரு பள்ளிக்கூடம். எம்.எஸ். பாடும் பழைய படங்களைப் பாருங்கள். பின்னால் தம்பூராவோடு ராதா விஸ்வநாதன் இருப்பார், கூடவே பாடுவார். இந்துஸ்தானியில் இன்றைக்கும் பெரியவர்களுக்குப் பின்னால் சிஷ்யர்கள்தான் தம்பூரா பிடிக்கிறார்கள், குரு கண் காட்டினால் ஒரு வரி பாடுகிறார்கள். வானொலியில் தம்பூராக் கலைஞர் என்றே ஒரு வேலை இருந்தது, மாதச் சம்பளத்தோடு.

ஆக, "பெட்டி வேண்டாம், தம்பூராதான் பாரம்பரியம்" என்று மைக்கில் பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. தம்பூரா பிடிக்கிறவருக்கு எவ்வளவு தருவீர்கள்? அழைப்பிதழில் பெயர் போடுவீர்களா? பழைய காலம் மாதிரி ரவிக்கைத் துணியோடு பாரம்பரியம் என்றால், பெட்டியே மேல். பெட்டிக்கு மனசு கிடையாது.

தடை போட்டால் தீருமா?

சிலர் இதைச் சட்டம் போட்டுத் தீர்க்கலாம் என்கிறார்கள். மேடையில் பெட்டி கூடாது என்று சபாக்கள் சொல்லிவிட்டால் போதுமாம். அந்தப் பரீட்சையும் நடந்து முடிந்த ஒன்றுதான். அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. கமகம் வராது, ஸ்வரங்கள் நம் ஸ்வரங்கள் இல்லை என்பது காரணம். தாகூருக்கும் ஆர்மோனியம் ஆகாது. 1971-ல் தடை தளர்ந்தது. நடுவில் முப்பது வருஷம் ஆர்மோனியம் அழிந்ததா? நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் சௌக்கியமாக இருந்தது. தடையால் அதன் குறையும் தீரவில்லை, அதன் உபயோகமும் குறையவில்லை.

மாற்றமே கூடாது என்றும் சொல்ல முடியாது. மைசூர் சௌடையா 1927-ல் வயலினுக்கு நாலு தந்தி போதாது என்று ஏழு தந்தி கட்டினார். மைக் பரவாத காலத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டுமே. இன்றைக்கு அதை வாசிப்பவர்களைத் தேட வேண்டும். ஆனால் அவர் பெயரில் பெங்களூரில் வயலின் வடிவத்திலேயே ஒரு ஹால் நிற்கிறது. காரியத்துக்காக வந்தது, காரியம் முடிந்ததும் போனது. யாரும் தடை போடவில்லை.

என் தீர்ப்பு (செல்லுபடி ஆகாது)

இவ்வளவு நேரம் படித்ததற்கு ஒரு முடிவு சொல்ல வேண்டுமல்லவா? என்னைப் பொறுத்தவரை ரெண்டு கட்சியும் ஒரே பொருளைப் பற்றிச் சண்டை போடவில்லை. பெட்டிக் கட்சி பேசுவது பாடுகிறவரின் தேவையைப் பற்றி. அவருக்குச் சுருதி வேண்டும், பெட்டி கொடுக்கிறது, விஷயம் முடிந்தது. தம்பூராக் கட்சி பேசுவது, தெரிந்தோ தெரியாமலோ, கற்றுக்கொள்கிறவரின் தேவையைப் பற்றி. அவருக்கு வேண்டியது சுருதி மட்டும் இல்லை, சுருதியைத் தேடுகிற வேலையும், அதற்கு உட்கார ஒரு இடமும். கற்று முடித்தவருக்குப் பெட்டியால் நஷ்டம் குறைவு. கற்க ஆரம்பிப்பவருக்கு லாபமும் அதிகம், நஷ்டமும் அதிகம். லாபம் முதல் நாளே கண்ணுக்குத் தெரியும். நஷ்டம் ஆறு வருஷம் கழித்து ஜெயநகரில் தெரியும்.

அதனால் வாடகை வீட்டுக் குழந்தைகளே, பெட்டியை வைத்துப் பாடுங்கள், வெட்கப்படாதீர்கள். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது எங்கேயாவது ஒரு நிஜத் தம்பூராவின் பிருடையைத் திருகிப் பாருங்கள். பாட்டு கிளாஸ் நடத்துகிறவர்கள் பத்துக் குழந்தைக்கு ஒரு தம்பூரா வாங்கி வைத்தால் போதும். மேடையைப் பொறுத்தவரை நான் கொஞ்சம் கறார். பின்னால் ஸ்பான்சர் பேனர் பத்தடிக்குக் கட்ட இடமும் பணமும் இருக்கிற சபாவில், தம்பூராவுக்கும் அதைப் பிடிக்கும் ஒரு சின்னப் பெண்ணுக்கோ பையனுக்கோ இடம் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெயர் அச்சடிக்க வேண்டும், கவர் கொடுக்க வேண்டும். எங்கள் மாதிரி வங்கிகளும்தான் ஸ்பான்சர் செய்கின்றன. அடுத்த தடவை அந்த ஃபைல் என் மேஜைக்கு வந்தால் ஒரு வரி எழுதித்தான் அனுப்புவேன். மேலே வெட்டினால் வெட்டட்டும்.

வீட்டுப் பஞ்சாயத்து எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். தம்பூரா இப்போது ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நிற்கிறது. தங்கமணி பழைய பட்டுப்புடவையில் அதற்கு உறை தைத்துவிட்டார் (எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்யவில்லை, ஆதரவு கொடுத்துவிட்டது). வார நாட்களில் பெட்டி, ஞாயிற்றுக்கிழமை தம்பூரா. போன ஞாயிறு சேர்த்து முடிக்க நாற்பது நிமிஷம் ஆனது. அத்தை சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம். பெண் "போதும்" என்று கையை எடுக்கும்போது, கண்ணைத் திறக்காமல், "மந்தரம் ஒரு சொட்டு இறங்கியிருக்கு" என்றார்.

இவள் மீட்டிப் பார்த்தாள். மறுபடி மீட்டினாள். "ஆமாம் பாட்டி" என்றாள்.

எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. எனக்கு அது போதும்.

டிஸ்கி: பள்ளி ஆண்டு விழாவில் பெண் பாடப்போகிறாள். அழைப்பிதழுக்குப் பெயர் கேட்டார்கள். தம்பூரா என்று போட்டு, அதற்கு நேரே அத்தை பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். அச்சில் வருகிறதா பார்ப்போம். உங்கள் வீட்டில் எது, பெட்டியா தம்பூராவா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். ஆப் என்று சொல்பவர்களும் வரலாம், அடிக்க மாட்டோம் :-)